கிளாரினெட் + பியூர் டேட்டா: லூப் ஊளையிடுது, கமகத்துல பிட்ச் தாவுது

தண்டையார்பேட்டை_கிளாரினெட்:

வணக்கம். ராயபுரத்தில் ஒரு மொட்டை மாடியில் 40 நிமிஷ நிகழ்ச்சி. பி ஃபிளாட் கிளாரினெட், லேப்டாப், அவ்வளவுதான். முன்னாடியே பதிந்து வைத்த ட்ராக் எதுவும் கிடையாது. வாசிப்பதை அங்கேயே பிடித்து, மாற்றி, திருப்பி விட்டு, அதன்மேல் மனோதர்மமாக வாசிப்பதுதான் எண்ணம். சுருதி 2 கட்டை. மோகனத்தில் ஆரம்பித்து, பாதிக்கு மேல் ராகத்தை விட்டு வெளியே போக வேண்டும்.

இருக்கும் சாமான்: விண்டோஸ் லேப்டாப், இரண்டு இன்புட் உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், எஸ்எம்57 மைக் ஒன்று (பெல்லுக்கு, அதாவது கருவியின் அகன்ற அடிவாய்க்கு நேராக, 5 செ.மீ. தள்ளி), ஒரு சின்ன மிக்ஸர், இரண்டு பவர்டு ஸ்பீக்கர், காலால் மிதிக்க ஒரு யுஎஸ்பி நம்பர் பேட். சாஃப்ட்வேர் பியூர் டேட்டா (ஆப்ஜெக்ட் என்ற பெட்டிகளைக் கோத்து ஒலி நிரல் எழுதுவது; அந்த நிரல்தான் பேட்ச்). பேட்சில் ஒரு நீள டிலே, ஒரு லூப், ரிங் மாடுலேட்டர் (இரண்டு ஒலியைப் பெருக்கிப் புது ஒலி தருவது), சிக்மண்ட் என்ற ஆப்ஜெக்டை வைத்து பிட்ச் பிடிப்பது.

பிரச்சினை நான்கு. லூப் ஏறிக்கொண்டே போய் ஊளையிடுகிறது. அதுவும் எப்போதும் பஞ்சமத்தில்தான். கமகம் போட்டால் பிட்ச் எண் கண்டபடி தாவுகிறது. வாசிப்பதற்கும் ஸ்பீக்கரில் கேட்பதற்கும் இடைவெளி தெரிகிறது. சார்ஜர் போட்டால் 'ங்ங்' என்று ஒரு இரைச்சல். எதை முதலில் சரி செய்வது?


மேடைஒலி:

மைக்கை முதலில் நகர்த்துங்கள். பஞ்சமத்தில் ஊளையிடுவது தற்செயல் இல்லை. கிளாரினெட்டில் பெரும்பாலான ஸ்வரங்கள் துளைகள் வழியாகத்தான் வெளியே வரும். எல்லாத் துளையும் மூடியிருக்கும்போது மட்டும் முழுச் சத்தமும் பெல் வழியாக வரும். 2 கட்டை சுருதிக்கு அந்த விரலடைப்பில் வருவது கீழ்ச் ஸ்தாயி ஷட்ஜம். அதே விரலடைப்பில் ரெஜிஸ்டர் கீயை (மேல் பகுதிக்குத் தாவ வைக்கும் கீ) அழுத்தினால் பன்னிரண்டாவது ஸ்வரம், அதாவது மத்திய ஸ்தாயி பஞ்சமம். பெல்லுக்கு நேராக மைக் வைத்தால் இந்த இரண்டும் குண்டு மாதிரி விழும், மற்றவை மெலிந்துவிடும். காந்தாரம் கருவியின் தொண்டைப் பகுதி (அந்தத் தாவலுக்குச் சற்றுக் கீழே உள்ள) ஸ்வரம், ஏற்கெனவே காற்றோட்டமாக, சன்னமாக ஒலிப்பது. மோகனத்தில் 'க' விட்டு 'ப' போகும்போதெல்லாம் லெவல் சட்டென்று எகிறும். அந்த எகிறலைத்தான் லூப் சேர்த்து வைத்து ஊளையாக்குகிறது.

மைக் பெல்லுக்கு நேராக வேண்டாம். 20 முதல் 30 செ.மீ. தள்ளி, இரண்டு கைக்கும் நடுவே உள்ள கீகளைப் பார்த்தபடி வையுங்கள். எஸ்எம்57 கார்டியாய்டு, அதன் பின்பக்கம்தான் காது கேட்காத பக்கம். மானிட்டர் இருந்தால் அது மைக்கின் முதுகுக்கு நேரே வர வேண்டும். மெயின் ஸ்பீக்கர் இரண்டும் உங்களுக்கு முன்னால், ஜனங்களைப் பார்த்தபடி. மொட்டை மாடியில் பின்சுவர் இல்லாதது ஒரு நல்லது. ஆனால் படிக்கட்டு ரூம் சுவரை ஒட்டி நிற்காதீர்கள், அது சத்தத்தை அப்படியே மைக்குக்குத் திருப்பி அனுப்பும்.

டிலேயின் ஃபீட்பேக் (வெளியே வருவதில் எத்தனை பங்கு மறுபடி உள்ளே போகிறது என்பது) எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? 0.6 என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் 4.4 டெசிபல் இறங்கும். 60 டெசிபல் இறங்க 13, 14 சுற்று ஆகும். 0.8 வைத்தால் ஒரு சுற்றுக்கு 2 டெசிபல்கூட இறங்காது, 31 சுற்று ஓடும். இது பேட்சுக்குள் நடக்கும் கணக்கு மட்டும். ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்கு வரும் சத்தம் இதன்மேல் கூடும். அதனால் பேட்சில் 0.65-க்கு மேல் போகவே வேண்டாம். டிலே சுற்றுக்கு உள்ளேயே 130 ஹெர்ட்ஸில் ஒரு ஹைபாஸ் (அதற்குக் கீழுள்ளதை வெட்டும்), 4000-ல் ஒரு லோபாஸ் (மேலுள்ளதை வெட்டும்) போடுங்கள். உங்கள் அடி ஸ்வரம் 147 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே பிடிக்க ஒன்றும் இல்லை, எண்ணூர் ரோடு கண்டெய்னர் லாரி உறுமலைத் தவிர. இவ்வளவுக்கும் அடங்கவில்லை என்றால் வெளியே போகும் சத்தத்தை 5 ஹெர்ட்ஸ் ஃப்ரீக்வென்சி ஷிஃப்ட் செய்யுங்கள் (எல்லா அதிர்வெண்ணையும் 5 ஏற்றுவது), ஊளை பிடிக்காது.

இடைவெளி விஷயம். நேரடி கிளாரினெட் சத்தத்தை லேப்டாப் வழியாக அனுப்பவே அனுப்பாதீர்கள். மைக்கை மிக்ஸரில் போட்டு அங்கிருந்து நேராக ஸ்பீக்கருக்கு. மிக்ஸரின் ஆக்ஸ் செண்டிலிருந்து (சிக்னலின் ஒரு நகலைத் தனியே வெளியே அனுப்பும் வழி) மட்டும் இன்டர்ஃபேஸுக்கு. பேட்சில் இருந்து எஃபெக்ட் மட்டும் திரும்பி வர வேண்டும். அந்த ரிட்டர்ன் வரும் சேனலில் ஆக்ஸ் குமிழ் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள், இல்லையென்றால் எஃபெக்ட் எஃபெக்டுக்குள்ளேயே சுற்றும். 48,000 ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்து வாங்கும் ஒலித்துண்டு) என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட், போக வர, டிரைவர், கன்வர்ட்டர் எல்லாம் சேர்த்து 8 முதல் 10 வரை வரும். 600 மில்லிசெகண்ட் டிலேயில் இந்த 10 யாருக்கும் தெரியாது. இன்டர்ஃபேஸ் கம்பெனி தரும் ஏஎஸ்ஐஓ டிரைவரையே போடுங்கள். இந்தப் பத்துக்காக லேப்டாப்போடு மல்லுக்கட்டிவிட்டு ஸ்பீக்கரை 5 மீட்டர் தள்ளி வைத்தால், காற்றில் வந்து சேரவே 14 மில்லிசெகண்ட் ஆகிவிடும்!


பேட்ச்வேலை:

மைக் விஷயத்தில் மேலே சொன்னது சரி. ஆனால் ஊளைக்கு உண்மையான மருந்து பேட்சில் இருக்கிறது. கிளாரினெட்காரருக்கு இரண்டு கையும் கீயில் மாட்டியிருக்கிறது. மிச்சம் இருப்பது காலும் மூச்சும். காலை மிகக் குறைவாகவும் மூச்சை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துங்கள். பிட்சை நம்பி ஓடும் பேட்சைவிட மூச்சின் அளவை நம்பி ஓடும் பேட்ச் மேடையில் பல மடங்கு நம்பகம்.

மைக் சிக்னல் ஹைபாஸ் வழியாக 'என்வ்' என்ற, சத்தத்தின் அளவை டெசிபலில் சொல்லும் ஆப்ஜெக்டுக்குப் போகட்டும். அது தரும் எண்ணில் 100 என்றால் முழு அளவு. 68-க்கு மேல் ஏறினால் கேட் (லூப்புக்குள் சத்தத்தை விடும் கதவு) திற, 60-க்குக் கீழ் இறங்கினால் மூடு என்று இரண்டு தனி எல்லை வையுங்கள். ஒரே எல்லை வைத்தால் ஸ்வரம் தேயும் இடத்தில் கேட் படபடவென்று அடித்துக்கொள்ளும். 68, 60 என்பவை ஆரம்ப எண்கள்தான். உங்கள் கெயினுக்குத் தக்கபடி, வாசிக்காமல் ஸ்பீக்கர் மட்டும் ஓடும்போது என்ன எண் வருகிறது என்று பார்த்து, அதற்கு 6 மேலே மூடும் எல்லையை வையுங்கள். திறக்க 10 மில்லிசெகண்ட், மூட 150. இதைவிட வேகமாக மூடினால் 'டிக்' என்று சத்தம் வரும். மெதுவாக மூடினால் ஸ்பீக்கர் சத்தம் லூப்புக்குள் நுழையும்.

இதில் ஒரு ஓட்டை: கேட் திறப்பதற்குள் ஸ்வரத்தின் தலை போய்விடும், நாக்கு அடிப்பது லூப்பில் பதியாது. ஆடியோவை மட்டும் 25 மில்லிசெகண்ட் தாமதித்து கேட்டுக்குள் விடுங்கள், என்வ் கணக்கு தாமதிக்காத சிக்னலில் நடக்கட்டும். லூப்புக்குள் போகும் சத்தம்தானே, நேரடியாக யாரும் கேட்கப்போவதில்லை.

அடுத்து, லூப்பின் வெளியீட்டு அளவை மூச்சுக்குத் தலைகீழாகக் கட்டுங்கள். ஊதும்போது லூப் 8, 10 டெசிபல் இறங்கட்டும், மூச்சு எடுக்கும்போது ஏறட்டும். லூப் ஏறும் நேரத்தில் கேட் மூடியிருக்கும், அதனால் ஊளை பிடிக்க வழியே இல்லை. இசையாகவும் இது நல்லது. நீங்கள் விட்ட இடத்தில் அது பேசும், நீங்கள் பேசினால் ஒதுங்கும். ஏறுவதற்கு 400 மில்லிசெகண்ட் கொடுங்கள்; சட்டென்று ஏறினால் ரேடியோ அறிவிப்பாளர் பின்னணி மாதிரி மலிவாக இருக்கும்.

பிட்ச். சிக்மண்டின் சாதாரண விண்டோ 1024 சாம்பிள், 48,000-ல் 21 மில்லிசெகண்ட். அது பிடிக்கக்கூடிய அடி எல்லை சுமார் 94 ஹெர்ட்ஸ், உங்களுக்குப் போதும். விண்டோவைப் பெரிதாக்காதீர்கள்; 4096 வைத்தால் கமகத்தின் மேலும் கீழும் ஒரே விண்டோவில் மாட்டி எண் குழம்பும். கிளாரினெட்டின் கீழ்ப் பகுதியில் ஒற்றைப்படை ஹார்மானிக்தான் (அடி அதிர்வெண்ணின் 3, 5 போன்ற மடங்கு) தூக்கல், மூன்றாவது ரொம்ப பலம். அதனால் தாவல் பெரும்பாலும் பன்னிரண்டாவது ஸ்வரத்துக்கு இருக்கும், ஷட்ஜம் வாசித்தால் மேல் பஞ்சமம் என்று சொல்லும். கடைசி 5 எண்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை மட்டும் எடுங்கள். சராசரி எடுக்காதீர்கள், ஒரு தப்பு எண் வந்தால் சராசரி கெட்டுவிடும், நடு எண் கெடாது.

கமகம் முழுவதையும் மெஷின் பிடிக்க வேண்டும் என்று நினைப்பதை விட்டுவிடுங்கள். சிக்மண்டில் 'நோட்ஸ்' வெளியீடு இருக்கிறது. அதில் ஸ்டேபிள்டைம் (ஸ்வரம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது) சாதாரணமாக 50 மில்லிசெகண்ட், வைப்ரேட்டோ (எவ்வளவு அசையலாம் என்பது) 1 அரைஸ்வரம். ஸ்டேபிள்டைமை 150 ஆக்குங்கள், வைப்ரேட்டோவை 0.5 ஆக்குங்கள். அப்புறம் அசையும் ஸ்வரம் எதையும் அது சொல்லாது. நின்று வாசித்த ஸ்வரம் மட்டும் வரும். மோகனத்தில் நிற்கும் இடங்கள்தானே முக்கியம்.

நம்பர் பேட்: பியூர் டேட்டாவின் 'கீ' ஆப்ஜெக்ட், அதன் ஜன்னல் முன்னால் இருந்தால்தான் கேட்கும். நடுவில் விண்டோஸ் ஏதாவது ஒரு அறிவிப்பை மேலே கொண்டுவந்து நிறுத்தினால் பெடல் செத்துப்போகும். நெட்டை அணைத்து, நோட்டிஃபிகேஷனை அணைத்து, ஸ்க்ரீன் சேவரையும் எடுத்துவிடுங்கள். காசு இருந்தால் மிடி பெடல். அதற்கு இந்தத் தொல்லை இல்லை.


தண்டையார்பேட்டை_கிளாரினெட்:

ரெண்டு பேருக்கும் நன்றி. மைக்கை நகர்த்தி கேட் போட்டதும் ஊளை நின்றுவிட்டது. இப்போது வேறு கேள்வி. ரிங் மாடுலேட்டர் கேரியரை (கிளாரினெட்டோடு பெருக்கும் நிலையான ஒலி) ஷட்ஜத்திலேயே (293.66 ஹெர்ட்ஸ்) வைத்தேன், ராகத்துக்குள் நிற்கும் என்று நினைத்து. 'ச', 'க', 'ப' பிரமாதம். 'த' வந்தால் வேறு ராகம் நுழைகிறது. ஏன்? அப்புறம், பக்கத்தில் பறை வாசிக்கும் ஒருவரும் சேரலாம் போல இருக்கிறது. மைக்கில் அது புகுந்தால் கேட் கதி?


சீவாளி:

ஐயா, காது சரியாகத்தான் சொல்கிறது. ரிங் மாடுலேட்டர் இரண்டு அதிர்வெண்ணின் கூட்டலையும் கழித்தலையும் தரும். ஷட்ஜத்தை 1 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். பஞ்சமம் 3/2: கூட்டினால் 5/2, அது மேல் அந்தர காந்தாரம், கழித்தால் 1/2, கீழ் ஷட்ஜம். காந்தாரம் 5/4: கூட்டினால் 9/4, மேல் சதுஸ்ருதி ரிஷபம், கழித்தால் 1/4, இன்னும் கீழே ஷட்ஜம். இரண்டுமே மோகனத்துக்குச் சொந்தம். தைவதம் 5/3: கூட்டினால் 8/3, கழித்தால் 2/3. இரண்டுமே சுத்த மத்யமம்! உங்கள் சுருதியில் 783 ஹெர்ட்ஸும் 196 ஹெர்ட்ஸும். மோகனத்தில் இல்லாத ஸ்வரம் மேலேயும் கீழேயும் வந்து உட்கார்ந்தால் ராகம் ஹரிகாம்போஜி பக்கம் சாயாமல் என்ன செய்யும்? ரிஷபமும் சுத்தமில்லை: 9/8-ஐக் கூட்டினால் 17/8, மேல் சுத்த ரிஷபத்துக்குப் பக்கத்தில் விழும், கழித்தால் 37 ஹெர்ட்ஸில் ஒரு உறுமல், அதை ஹைபாஸில் வெட்டிவிடுங்கள்.

கிளாரினெட்டின் ஒவ்வொரு ஹார்மானிக்கும் இப்படி இரண்டு குட்டி போடும் என்பதால் காதில் கேட்பது இதைவிடக் கலவையாக இருக்கும். ஆனால் முதல் ஜோடிதான் ராகச் சாயலைத் தீர்மானிக்கிறது.

ஆகவே ஆலாபனைப் பகுதியில் ரிங் மாடுலேட்டரைத் தொடாதீர்கள், அல்லது நோட்ஸ் வெளியீட்டில் 'ச', 'க', 'ப' நின்றால் மட்டும் திறக்கும்படி கட்டுங்கள். ராகத்தை விட்டு வெளியே போக வேண்டிய நேரத்தில் தைவதத்தில் நின்று அதைத் திறந்தால் மத்யமம் தானாக வந்து கதவைத் திறந்துவிடும். அப்போது நீங்களும் மத்யமத்தைத் தொட்டால் யாருக்கும் அதிர்ச்சி இருக்காது.

வெளியே போக இன்னொரு வழி, எனக்குப் பிடித்தது: கிரகபேதம், அதாவது அதே ஸ்வரங்களில் வேறொன்றை ஷட்ஜமாக்குவது. நீங்கள் வாசிக்கும் ஸ்வரங்களை மாற்றவே வேண்டாம், பேட்ச் சுருதியை மட்டும் மாற்றட்டும். மோகனத்தின் தைவதத்தை ஆதாரமாக வைத்தால் சுத்த தன்யாசி, காந்தாரத்தை வைத்தால் ஹிந்தோளம், ரிஷபத்தை வைத்தால் மத்யமாவதி, பஞ்சமத்தை வைத்தால் சுத்த சாவேரி. பேட்சில் 'ச' என்று ஒரே ஒரு எண் வைத்து, சுருதி, ரிங் மாடுலேட்டர் எல்லாம் அதிலிருந்தே கிளைக்கட்டும். தைவதத்துக்குப் போக அதை 5/6 ஆல் பெருக்கினால் 244.7. சறுக்கி மாற்றாதீர்கள், சினிமா சைரன் மாதிரி இருக்கும். சுருதியை முழுக்க அணைத்து, ஒரு மூச்சு வெறுமையாக விட்டு, புது ஆதாரத்தில் திறங்கள். பழைய லூப் ஓடிக்கொண்டிருந்தால் பாதகமில்லை, அதில் இருப்பதும் அதே ஐந்து ஸ்வரம்தானே.

மேலே ஒருவர் 5 ஹெர்ட்ஸ் ஷிஃப்ட் சொன்னார். பேச்சு மைக்குக்கு அது சரி. சுருதி வைத்து வாசிக்கும் கச்சேரிக்கு வேண்டவே வேண்டாம். 293-ல் 5 ஹெர்ட்ஸ் என்றால் 29 சென்ட், கிட்டத்தட்ட அரைஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு. லூப்பில் ஒவ்வொரு சுற்றுக்கும் இன்னும் 5 ஏறும். நான்காவது சுற்றில் உங்கள் ஷட்ஜம் சுத்த ரிஷபத்தைத் தாண்டிவிடும்.

சுருதிப் பெட்டியின் எண்ணையும் சாயங்காலம் மேடையில் வைத்தே முடிவு செய்யுங்கள். காற்றின் சூடு 1 டிகிரி ஏறினால் துளைக்கருவியின் சுருதி கணக்குப்படி 3 சென்ட் அளவுக்கு ஏறும். உள்ளே ஊதும் மூச்சின் சூடு நிலையாக இருப்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும். ஏசி ரூமில் ஒத்திகை பார்த்து 293.66 என்று பூட்டிவிட்டு மொட்டை மாடிக்குப் போனால் கருவி மேலே நிற்கும், பெட்டி கீழே நிற்கும். பேரலை (ஊதுவாய்க்கு அடுத்த குட்டிக் குழாய்) ரொம்ப இழுத்துச் சரிக்கட்டினால் தொண்டை ஸ்வரங்கள் மற்றவற்றைவிட அதிகம் இறங்கும். அதில்தான் உங்கள் காந்தாரம் இருக்கிறது. கருவி சூடானபின் பஞ்சமமும் ஷட்ஜமும் நிற்கும் இடத்தைப் பார்த்து எண்ணை மாற்றுங்கள்.


வண்ணை_வயர்மேன்:

பறை பக்கத்துல அடிச்சா உங்க கேட்டு தெறந்தேதான் கெடக்கும், மைக்க எங்க வெச்சாலும் வேலைக்கு ஆவாது. காது கேக்குற மைக்கு வேற, மூச்சு பாக்குற மைக்கு வேறன்னு பிரிச்சிடுங்க. ரெண்டாவது இன்புட்டு சும்மாதான கெடக்குது? பேரலுக்குள்ள பீசோ (அழுத்தத்த கரெண்டா மாத்துற தட்டு) வெச்சு வர்ற பிக்கப் இருக்கு. உள்ள இருக்குற காத்தழுத்தத்ததான் அது பிடிக்கும், வெளிய பறை, லாரி, மீன்பாடி வண்டி எது போனாலும் அதுக்குக் கிட்டத்தட்ட தெரியாது. இது புதுசும் இல்ல. 1960-கள்லயே அமெரிக்க ஜாஸ்காரர் எட்டி ஹாரிஸ் சாக்ஸபோன்ல பிக்கப் போட்டு வாரிடோன்ங்கற எஃபெக்ட் பெட்டி வெச்சு வாசிச்சவரு. அதோட சத்தம் கொஞ்சம் மந்தமா, மூக்கடைச்சாப்ல இருக்கும், ஜனத்துக்குக் குடுக்காதீங்க. என்வும் சிக்மண்டும் மட்டும் அத கேக்கட்டும். பன்னெண்டாவது ஸ்வரத் தாவலும் நல்லா கொறையும்.

நீங்களே செய்யணும்னா, நல்ல மரப் பேரல்ல ஓட்ட போட்டுடாதீங்க, விரிசல் விட்டா போச்சு. பிளாஸ்டிக் பேரல் ஒண்ணு தனியா வாங்கி அதுல வேலை பாருங்க. சின்னதா ஒரு துளை, அதுமேல 27 மி.மீ. பீசோ தட்டு, சுத்தி காத்து போவாம எப்பாக்ஸி. ஊசிமுனை அளவு கசிஞ்சாலும் கீழ் ஸ்வரம் பேசாது, கீச்சுன்னு கத்தும். துளை போடாம வெளியவே டேப் போட்டு ஒட்டலாமான்னு கேப்பாங்க. ஒட்டலாம், ஊதுற சத்தத்தவிட கீ தட்டுற சத்தம்தான் அதிகம் வரும், வெரல வெச்சாலே கேட்டு தெறக்கும்.

பீசோவ லைன் இன்புட்ல சொருவாதீங்க. அந்தத் தட்டு சுமாரா 20 நானோஃபாரட். 10 கிலோஓம் லைன் இன்புட்டுல போட்டா 800 ஹெர்ட்ஸுக்குக் கீழ எல்லாம் தேஞ்சிடும், உங்க கருவியோட பாதி அங்கியே காலி. இன்டர்ஃபேஸ்ல 'இன்ஸ்ட்'னு ஒரு சுவிட்ச் இருக்கும், கிடார் போடுறது, பொதுவா 1 மெகாஓம். அத அழுத்துனா 8 ஹெர்ட்ஸ் வரைக்கும் வரும், தனியா ப்ரீஆம்ப் கட்ட வேணாம். வயரு ஷீல்டு வயரா, நீளம் கொறைச்சலா இருக்கட்டும்.

'ங்ங்' மேட்டரு கிரவுண்ட் லூப்பு. லேப்டாப் சார்ஜர் எர்த் ஒரு பக்கம், மிக்ஸர் எர்த் இன்னொரு பக்கம், நடுவுல ஆடியோ வயரு பாலம். எர்த் பின்ன ஒடைச்சுடுற பழக்கம் நம்ம ஏரியாவுல நெறைய. உசுருக்கு ஆபத்து, அதுவும் மொட்ட மாடியில வெறுங்கால்ல, ஈரத் தரையில. இன்டர்ஃபேஸ் அவுட்டுக்கும் மிக்ஸருக்கும் நடுவுல ட்ரான்ஸ்ஃபார்மர் வெச்ச டிஐ பாக்ஸ், கிரவுண்ட் லிஃப்ட் (ஆடியோ வயரோட எர்த் இணைப்ப மட்டும் வெட்டுற) சுவிட்சோட. மோனோன்னா ஒண்ணு, ஸ்டீரியோன்னா ரெண்டு. 40 நிமிஷம்தானே, வாசிக்கும்போது பேட்டரியிலயே ஓட்டலாம். ஆனா பேட்டரியில போனா விண்டோஸ் தானா வேகத்தக் கொறைச்சு ஆடியோவ பொரிச்சு எடுக்கும், பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸ்ல வெச்சுடுங்க. சீரியல் லைட்டு, டிம்மரு ஓடுற லைன்ல மிக்ஸர சொருவாதீங்க. சில மலிவு யுபிஎஸ் கரெண்டு போனதும் சதுர அலை மாதிரி விடும், அதுவே ஒரு இரைச்சல்.

கடக்காத்து சாயங்காலம் ராயபுரத்துல நல்லாவே அடிக்கும். மைக்குக்கு ஸ்பாஞ்ச் தொப்பி கட்டாயம். கண்டென்சர் மைக் கேட்டு வாங்குறதா இருந்தா அங்க வேணாம், ஈர உப்புக்காத்துல பொரபொரன்னு ஆரம்பிச்சுடும். எஸ்எம்57 போதும்.


மேடைஒலி:

5 ஹெர்ட்ஸ் ஷிஃப்ட் பற்றி சீவாளி சொன்னது சரி. கேட் வேலை செய்கிறபோது அது தேவையும் இல்லை.

பீசோ போட்டபின் கேட் எல்லை எண்களைப் புதிதாகப் பார்க்க வேண்டும், பழைய 68, 60 ஒத்துவராது. வயரை பேரலிலிருந்து நேராகத் தொங்கவிடாமல் கீழே ஒரு ரப்பர் பேண்டில் கட்டி இறக்குங்கள். தொங்கினால் ஆடும்போதெல்லாம் 'டொக்' என்று கேட்டைத் திறக்கும்.


பேட்ச்வேலை:

ஒரு சின்னக் கூடுதல். பறை சேர்ந்தால் லூப் நீளத்தைத் தாளத்துக்குப் பூட்ட நினைக்காதீர்கள். பறைக்காரர் மெஷினைப் பார்த்து வாசிக்க மாட்டார், பார்க்கவும் கூடாது. 1960-களில் அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி சோப்ரானோ சாக்ஸோடு இரண்டு டேப் மெஷின் வைத்து வாசித்தபோது டிலே நீளம் என்பது இரண்டு மெஷினுக்கும் நடுவே உள்ள டேப்பின் தூரம்தான். நொடிக்கு 19 செ.மீ. ஓடும் டேப்பில் 1.9 மீட்டர் என்றால் 10 நொடி. தாளத்தோடு பொருந்தாத நீளம் என்பதால் ஒவ்வொரு சுற்றும் வேறு இடத்தில் வந்து விழும். உங்களுக்கும் 7 முதல் 11 நொடிக்குள் ஏதாவது ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். டிலேக்குள் சத்தத்தை எழுதும் 'டெல்ரைட்' ஆப்ஜெக்டில் நினைவகம் 12000 மில்லிசெகண்ட் என்று கொடுங்கள். அதைவிட நீளம் கேட்டால் பிழை எதுவும் காட்டாது, 12 நொடியிலேயே நின்றுவிடும்.

காலுக்கு மூன்று பொத்தான் போதும்: லூப்பை அழி, சுருதியை மாற்று, எல்லாவற்றையும் அணை. கடைசியது 2 நொடியில் மங்கி அணையும்படி இருக்கட்டும், அதை நம்பர் பேடில் மூலையில் வையுங்கள், தவறி மிதிபடாது.